பதின்மூன்று வயதுக் கணக்கு

இணுவிலில் ஓர் அறைக்கதவு படாரென்று சாத்தப்பட்ட சத்தம் இன்னும் உங்கள் காதில் இருக்கும். அங்கேதான் சென்ற வாரம் விட்டுவிட்டு வந்தோம்.

சாத்தியவள் கம்சிகா. எட்டாம் வகுப்பு, வயது பன்னிரண்டரை. காரணம் ‘மினுக்’. பிள்ளைகள் குட்டிக் குட்டி வீடியோக்களைப் பார்ப்பதும் போடுவதுமாக இருக்கும் அந்தச் செயலி தன் போனிலும் வேண்டும் என்று கேட்டாள். தகப்பன் செந்தூரன் வழக்கம்போல, “குடுமப்பா, பிள்ளை ஆசைப்படுகுது” என்றான். தாய் தனுசியாதான் மறித்தாள்.

“முதல் நான் பாக்கிறன். பிள்ளையளுக்கு நல்லது எண்டு எனக்குப் பட்டால் பேந்து யோசிப்பம்.”

அதற்குத்தான் அந்தப் படார்.

தனுசியாவைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை. சந்தையில் கத்தரிக்காயைக்கூடக் காம்பு கிள்ளிப் பார்க்காமல் பையில் போடமாட்டாள். தபாற்கந்தோரில் வேலை, முத்திரை சரிந்து ஒட்டியிருந்தால் அதற்கும் முகம் சுளிப்பாள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் கையில் எதையாவது ஆராயாமல் கொடுப்பாளா?

சனிக்கிழமை காலையில் கம்சிகா பிட்டை அரைகுறையாகக் கொறித்துவிட்டு, ஒரு சொல் கதைக்காமல் சுன்னாகத்துக்கு ரியூசனுக்குப் போய்விட்டாள். தனுசியாவுக்கு அன்று லீவு. குசினி மேசையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, ‘மினுக்’கைத் தன் போனில் இறக்கினாள்.

பிறந்த திகதி கேட்டது. பதின்மூன்று வயது வரத்தக்கதாக ஒரு வருடத்தை அமத்தினாள். கேள்வி இல்லை, முறை இல்லை, உடனே உள்ளே விட்டது. கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிறவர்கூட இதைவிட இரண்டு கேள்வி கூடக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

செந்தூரன் கடைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தான். மருதனார்மடத்தில் தண்ணீர்ப் பம்புகளுக்கு மோட்டார்க் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை அவனுடையது.

“என்ன பிள்ளை, பதின்மூண்டு வயசோ? ரியூசன் ஒண்டும் இல்லையோ?”

“நக்கல் வேண்டாம். நீங்கள் போங்கோ.”

“தலையிலை பூவும் வைச்சால் இன்னும் வடிவா இருக்கும்.” சிரித்துக்கொண்டே மோட்டார்சைக்கிளை உதைத்தான்.

தனுசியா நிதானமாகப் பார்த்தாள். ஒரு பூனை அலுமாரியிலிருந்து விழுந்தது. ஒரு பெண் ஒடியல் கூழ் காய்ச்சினாள். இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி ஆடினார்கள். சிலது பார்க்க அருவருப்பாக இருந்தது. ‘வேண்டாம்’ என்று அமத்தியதும் அந்த மாதிரி வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி சின்னப் பிள்ளைகளின் கணக்குக்குப் பூட்டும் இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசம். வீட்டில் எல்லாருக்கும் நடுவிலிருந்து பார்க்கட்டும், சாப்பாட்டு மேசைக்குப் போன் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கலாம் என்ற அளவுக்கு மனம் இளகிவிட்டது.

கீழே ‘உனக்கு அருகில்’ என்று ஒரு மூலை இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் ஒரு தேர்த் திருவிழா வந்தது. அடுத்து ஒரு நகைக்கடை விளம்பரம். மூன்றாவதாக வந்தது அவளுடைய வீட்டு முற்றம்.

தை மாதம் நடந்த கம்சிகாவின் சாமத்திய வீடு, அவள் பெரியபிள்ளையானதற்கு எடுத்த விழா! பிள்ளை வெள்ளை அன்னப்பறவை வாகனத்தில் புகைக்குள்ளிருந்து வருகிறாள். வாழை, பந்தல், வாசலில் ஆளுயரப் படம், அதில் முழுப்பெயர். பிறகு கேக்கைக் கிட்டக் காட்டுகிறது. அதில் கனடாவிலிருந்து சொல்லி எழுதுவித்த ‘எங்கள் செல்லப் பணிஸ்’.

பணிஸ் என்பது, கன்னம் பன் மாதிரி உப்பிய குழந்தையாக இருந்தபோது வைத்த வீட்டுப் பெயர். வெளியில் யாரும் கூப்பிட்டால் கம்சிகாவுக்குப் பொல்லாத கோபம் வரும். அந்தப் பெயரோடு அந்த வீடியோவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருந்தார்கள்.

மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் இருந்தது. மருதனார்மடம் சந்தியில் எமில்ராஜ் நடத்தும் ஸ்ரூடியோ.

தனுசியா கீழே எழுதியிருந்தவற்றை வாசித்தாள். வாழ்த்துகள், பூக்கள், கைகூப்பல்கள். அவற்றுக்கு நடுவே முகத்துக்குப் பதிலாக ஒரு ரோசாப்பூவை வைத்திருந்த யாரோ ஒருவன் கேட்டிருந்தான்: ‘பிள்ளை எந்த இடம்?’

உடனே பதிலும் இருந்தது. ‘இணுவில். என்ரை தம்பி செந்தூரனின்ரை மகள்.’ சொன்னவள் கனடாவில் இருக்கும் குணலட்சுமி, செந்தூரனின் தமக்கை, தனுசியாவுக்கு மச்சாள். அன்னப்பறவைக்கும் கேக்குக்கும் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தவளும் அவள்தான்.

‘எங்கை படிக்கிறா?’ அதற்குப் பள்ளிக்கூடத்தின் பெயர், வகுப்பு, பிரிவு.

‘சனிக்கிழமையும் வகுப்போ?’

‘ஓம். சுன்னாகத்திலை ரியூசன். கெட்டிக்காரி. மத்தியானம்தான் விடும்.’

எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ‘எந்த இடம், ஆரின்ரை பிள்ளை’ என்று ஒருவர் கேட்டுவிட்டால், பதில் சொல்லாமல் விடுவது மரியாதைக் குறைவு. கேட்டவர் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவராக இருந்தாலும் சரிதான், ரோசாப்பூவாக இருந்தாலும் சரிதான். தனுசியாவும் தபாற்கந்தோர் யன்னலுக்குப் பின்னாலிருந்து நாளுக்குப் பத்துப் பேரிடம் அதைத்தானே கேட்கிறாள்? குணலட்சுமி மச்சாள் மருமகளின் பெருமையைச் சொன்னாள். பிள்ளை எங்கிருந்து, எப்போது வெளியே வருவாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

கடைசியாக ரோசாப்பூ எழுதியிருந்தது: ‘சந்திக்க வேணும்.’

இன்று சனிக்கிழமை என்பது தனுசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுப்பை நிற்பாட்டினாளா இல்லையா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதிக்கு ஏறினாள். ஏறுமுன் செந்தூரனுக்குப் போன் அடித்தாள்.

“கடையைப் பூட்டிப்போட்டு ரியூசனடிக்கு வாங்கோ. கெதியா!”

“என்னப்பா? பிள்ளைக்கு என்ன?”

“ஒண்டுமில்லை. ஒண்டும் நடக்கக்கூடாது. வாங்கோ!”

வழிநெடுகக் கந்தசுவாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அவள் போய்ச் சேர வகுப்பு விட்டுவிட்டது. ஒழுங்கை நிறையச் சைக்கிள்கள். நீலப் பை, மஞ்சள் பை, இரட்டைப் பின்னல் என்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கம்சிகா இல்லை. முன்வாசலில் நின்ற பிள்ளைகளைக் கேட்டாள். அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள்.

“அவ இந்த வாசலாலை வாறேல்லை அன்ரி,” என்றாள் ஒருத்தி.

தனுசியா ஸ்கூட்டியை விட்டு இறங்கினாள். “வாறேல்லை எண்டால்?”

“கன நாளா லவீனா அக்காவோடை பின்பக்கத்தாலைதான் போறவ.”

பின்பக்கம் ஓடினாள். அங்கே ஒரு கூல்பார் வாசலில், கடையிலிருந்து பின்பக்கத்தால் முந்தி வந்துவிட்ட செந்தூரன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் கம்சிகா. பக்கத்தில் உயரமாக, பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணித் தலைவி லவீனா, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை.

தனுசியா மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நடுவீதி என்றும் பாராமல் அழுதாள். தெய்வமே, என் பிள்ளையைப் பத்திரமாய்த் திருப்பித் தந்தாயே என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லியது.

“அம்மா, ஆக்கள் பாக்கினம்,” என்றாள் கம்சிகா. பிறகு தாயின் கையிலிருந்த போனைக் கண்டாள். திரையில் அன்னப்பறவை நின்றது. “கண்டிட்டீங்களோ?”

“உனக்குத் தெரியுமோ?”

“எனக்கு மட்டுமில்லை. வகுப்பிலை எல்லாருக்கும் தெரியும். பெடியள் ‘பணிஸ்’ எண்டுதான் கூப்பிடுறவங்கள்.”

கூல்பாருக்குள் போய் நால்வரும் ஒரு மேசையில் இருந்தார்கள். ஐஸ்கிறீம் வந்தது, ஒருவரும் தொடவில்லை. லவீனாதான் விளக்கமாகச் சொன்னாள்.

“நான் மினுக்குக்கு நாலு தரம் முறைப்பாடு போட்டனான் அன்ரி. ‘எங்கள் விதிகளுக்கு முரணாக இல்லை’ எண்டு வந்திது. பேந்து, படத்திலை இருக்கிற ஆள், இல்லாட்டி அவையின்ரை அம்மா அப்பா கேட்டால்தான் எடுப்பம் எண்டிச்சினம். அந்த ஆள் எழுதினதைக் கண்டாப் பிறகு நான் சனிக்கிழமையளிலை இவவோடை வாறன். எனக்கு இஞ்சை வகுப்பு இல்லை.”

“அதுக்குத்தான் கணக்குக் கேட்டனான்,” என்றாள் கம்சிகா ஐஸ்கிறீம் கோப்பையைப் பார்த்தபடி. “ஆடிப் போடுறதுக்கில்லை. என்னைப் பற்றி ஆரார் என்ன எழுதிக்கிடக்கினம் எண்டு எனக்கு மட்டும்தான் பாக்கேலாது. மற்ற எல்லாரும் பாக்கினம்.”

செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப ஏன் பிள்ளை எங்களிட்டைச் சொல்லேல்லை?” என்றாள் தனுசியா.

“சொன்னால் என்னைத்தான் பேசுவியள். ‘உனக்கேன் உந்த வேலை, ஆரோடை சேர்ந்து உதுகள் பாக்கிறாய்’ எண்டு கேப்பியள்.”

கேட்டிருப்பாள். அதே சொற்களால், அதே குரலில் கேட்டிருப்பாள். தனுசியாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவள் லவீனாவின் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

“உன்னை என்ரை சீவியத்துக்கும் மறக்கமாட்டன் பிள்ளை. உன்னைப் பெத்தவைக்கும் நான் வந்து சொல்லுவன்.”

லவீனா வெட்கப்பட்டு ஐஸ்கிறீமில் கரண்டியைப் போட்டாள். “உருகுது அன்ரி,” என்றாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, மூவருமாக எமில்ராஜின் ஸ்ரூடியோவுக்குப் போனார்கள். தனுசியா வழியெல்லாம் வசனம் சேர்த்துக்கொண்டு வந்தாள். இன்று அந்தப் பெடியன் தொலைந்தான்.

“வாங்கோ அக்கா! வாங்கோ அண்ணை!” எமில்ராஜ் கதிரையை இழுத்துப் போட்டான். “தங்கச்சியும் வந்திருக்கிறா. அல்பத்திலை ஏதும் குறையோ?”

“அல்பம் கிடக்கட்டும். உந்த வீடியோவை ஆரைக் கேட்டு மினுக்கிலை போட்டனீர்?”

எமில்ராஜ் விழித்தான். “உங்களைத்தான் அக்கா.”

“என்னையோ?”

“பந்தி நடக்கேக்கை வந்து, ‘போடலாமோ அக்கா’ எண்டு கேட்டனான். ‘போடும் தம்பி, வடிவாப் போடும், பெடியளுக்கும் சொல்லும்’ எண்டனீங்கள். நான் எல்லாப் பெடியளுக்கும் அனுப்பினனான்.”

தனுசியாவுக்கு நினைவு வந்துவிட்டது. கையில் பாயாசச் சட்டி, காதில் மேளம். படம்பிடிக்க வந்த பெடியள் பசியோடு நிற்கிறார்கள், சோறு போட்டுச் சாப்பிடலாமோ என்று கேட்கிறான் என்றல்லவா நினைத்தாள்!

செந்தூரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத இடம் என்று தெரிந்ததால் இருமினான். தனுசியா பார்த்த பார்வையில் இருமலும் நின்றது.

“அண்ணை,” என்றாள் கம்சிகா. அவள் குரல் உயரவில்லை. “அம்மா சோத்துக்குத்தான் ஓம் எண்டவ. என்னட்டை ஒருத்தரும் ஒண்டுக்கும் கேக்கேல்லை.”

எமில்ராஜ் அவளைப் பார்த்தான். பிறகு தனுசியா நீட்டிய போனை வாங்கி வாசித்தான். ரோசாப்பூவின் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அவன் முகம் மாறியது.

“நான் எத்தினை பேர் பாத்திருக்கினம் எண்டதைத்தான் பாத்தனான் அக்கா. கீழை ஒருநாளும் வாசிக்கேல்லை. சத்தியமா.” கதிரையைத் திருப்பிக் கணினிக்கு முன்னால் இருந்தான். “பொறுங்கோ. எடுக்க முதல் எல்லாத்தையும் படமாச் சேமிச்சுத் தாறன். பொலிசிலை குடுக்க வேணும். இல்லாட்டி அவன் எழுதினதும் போயிடும்.”

செந்தூரன் கேட்கவும் நினைக்காத காரியம் அது. எமில்ராஜ் ஒவ்வொன்றையும் சேமித்து, அச்சடித்துக் கொடுத்தான். பிறகு வீடியோவை அழித்தான். அன்னப்பறவை போய்விட்டது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எமில்ராஜ் எழும்பவில்லை. தன் பக்கத்தில் வரிசையாகக் கிடந்த மற்றச் சாமத்திய வீடுகளைப் பார்த்தான். பல்லக்கு, படகு, தாமரை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிள்ளை.

“இதுகளையும் இப்ப மறைச்சு விடுறன். நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துக் கேக்கிறன்.”

“வீட்டுக்காரரை மட்டும் கேக்காதேங்கோ அண்ணை,” என்றாள் கம்சிகா.

“ஓம் தங்கச்சி. பிள்ளையளையும் கேக்கிறன்.”

வசனம் சேர்த்துக்கொண்டு வந்த தனுசியாவுக்கு அதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. “நல்லாயிருப்பீர் தம்பி,” என்றுதான் வாயில் வந்தது. மனமும் அதைத்தான் சொல்லியது.

செந்தூரன் அச்சடித்த தாள்களோடு நேரே பொலிசுக்குப் போனான். அங்கே முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள், விசாரிப்பதாகச் சொன்னார்கள். அவன் வீடு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தனுசியா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். கம்சிகா சம்பலுக்குத் தேங்காய் துருவினாள். காலையில் கதைக்காமல் போன பிள்ளை வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தது.

“அப்ப தீர்ப்பு என்ன?” என்றான் செந்தூரன் கை கழுவிக்கொண்டு. “மினுக் பிள்ளையளுக்கு நல்லதோ, கூடாதோ?”

“கூடாது எண்டு ஒரேயடியாச் சொல்லமாட்டன். பூட்டு வைச்சிருக்கினம், அது நல்லம். ஆனால் வயசைச் சொன்னால் நம்பி உள்ளை விடுகினம். ஒரு பிள்ளை நாலு தரம் முறையிட்டும் திரும்பிப் பாக்கேல்லை. பதின்மூண்டு வயசு வரட்டும், பேந்து நாங்கள் மூண்டு பேரும் இருந்து கதைப்பம்.” தோசையைப் பிரட்டினாள். “அதுக்கு முதல் எங்களுக்கு ஆரும் ஒரு பூட்டுப் போட வேணும். பிள்ளையை உள்ளை விடமாட்டம் எண்டு வாசலிலை நிண்டுகொண்டு, பிள்ளையின்ரை படத்தை நாங்களெல்லோ உள்ளை அனுப்பியிருக்கிறம்.”

முதல் தோசையை மகளின் தட்டில் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

“நன்றி பிள்ளை.”

கம்சிகா நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வீடுகளில் அந்தச் சொல் புழங்குவதில்லை. விழா முடிவில், கூட்டம் பாதி எழும்பிப் போனபிறகு, ஒருவர் மைக்கைத் தட்டிப்பார்த்துச் சொல்கிற சொல் அது. தாய் பிள்ளைக்குச் சொல்கிற வழக்கமே கிடையாது.

“என்னம்மா, நன்றியுரையோ?”

“ஓம். கடைசியிலையெண்டாலும் எனக்கு எல்லாத்தையும் சொன்னியே. அதுக்கு.”

கம்சிகா சிரித்தாள். சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள். தனுசியாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த நாள் எப்படியெல்லாம் முடிந்திருக்கலாம்! பிள்ளை வீட்டில் இருக்கிறது, தோசை சாப்பிடுகிறது, சம்பலுக்கு உப்புக் காணாது என்று குறை சொல்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

அப்போது செந்தூரனின் போன் அடித்தது. கனடாவில் காலை. குணலட்சுமி.

“தம்பி, பிள்ளையின்ரை வீடியோவைக் காணேல்லையடா! விடிய எழும்பினவுடனை நான் அதைத்தான் பாக்கிறனான். ஆர் எடுத்தது? பறுவாயில்லை, என்னட்டை ஒண்டு கிடக்கு. என்ரை பக்கத்திலை போட்டுவிடுறன்.”

செந்தூரன் மனைவியைப் பார்த்தான். தமக்கைக்குப் பிள்ளைகள் இல்லை. கம்சிகாதான் அவளுக்கு எல்லாம். அந்த ஆசையில் எப்படிக் கைவைப்பது?

தனுசியா போனுக்குக் கை நீட்டினாள். அதற்குள் கம்சிகா எழும்பிவிட்டாள்.

“நான் கதைக்கிறன் அப்பா.”

போனை வாங்கி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். முறைப்பாடு, ரோசாப்பூ, பின்வாசல், லவீனா அக்கா. கோபமில்லாமல்தான் சொன்னாள். “மாமி, எனக்கு அந்தச் சாமத்திய வீடு விருப்பம். அன்னப்பறவையும் விருப்பம். ஆனால் தெரியாத ஆக்கள் என்னைப் பாக்கிறது எனக்கு விருப்பமில்லை. நீங்கள் போட வேண்டாம்.”

அந்தப் பக்கம் அழுகிற மாதிரி ஒரு மூச்சு கேட்டது.

“போடமாட்டன் ராசாத்தி. என்னட்டைக் கிடக்கிறதையும் உனக்கு அனுப்பிப்போட்டு அழிக்கிறன். நீ வைச்சிரு.” குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “பிள்ளை… உந்த ரோசாப்பூத் தம்பி என்னோடை ரண்டு தரம் போனிலையும் கதைச்சவர். தன்னை ஆர் எண்டும் சொன்னவர். போனை அம்மாட்டைக் குடு. நீ அங்காலை போ. உனக்கு முன்னாலை கதைக்கிற கதையில்லை.”

கம்சிகா தாயைப் பார்த்தாள். போனை நீட்டிவிட்டு, பழகிய பிள்ளையாய் அறைப் பக்கம் திரும்பினாள்.

தனுசியா அவளது கையைப் பிடித்து நிறுத்தினாள். பக்கத்துக் கதிரையை இழுத்து அவளை இருத்தினாள். போனை மேசை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சத்தத்தைக் கூட்டினாள்.

“சொல்லுங்கோ மச்சாள். பிள்ளையும் இருக்கிறா.”